நாட்டிங் ஹில் கார்னிவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும், ஆகஸ்ட் மாதம் ஊரிலிருந்து இங்கே வந்து தங்கும் உறவினர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். "போகலாமா, வேண்டாமா" என்ற கேள்விக்கு மட்டும் விடை வேண்டுபவர்கள் பாதியிலிருந்து படிக்கலாம். முதல் பாதியையும் படித்துவிட்டுப் போனால், அங்கே கண்ணில் படுவதும் காதில் விழுவதும் வேறு மாதிரி இருக்கும்.

இது என்ன விழா? எங்கே, எப்போது நடக்கிறது?

கரீபியன் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்கு வந்த மக்கள் தொடங்கிய தெருவிழா. ஆகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையும் அதற்கு முந்தைய ஞாயிறும் மேற்கு லண்டனில் நடக்கிறது. அந்தத் திங்கள் இங்கிலாந்தில் பொது விடுமுறை. லாட்புரோக் குரோவ், வெஸ்ட்போர்ன் குரோவ், கிரேட் வெஸ்டர்ன் ரோடு போன்ற தெருக்களைச் சுற்றி ஊர்வலம் வரும். சுற்றுப்பாதையின் நீளம் சுமார் ஐந்தரை கிலோமீட்டர். இரண்டு நாளும் சேர்த்து ஏறத்தாழ 20 லட்சம் பேர் வந்துபோவதாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

ஞாயிறு குடும்பங்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய நாள். திங்கள்தான் பெரிய ஊர்வலம். இவற்றுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை 'பனோரமா' என்ற ஸ்டீல்பான் (எண்ணெய் பீப்பாயில் செய்யும் இரும்பு வாத்தியம்) போட்டி நடக்கும். இதைப் பற்றிப் பலருக்குத் தெரிவதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இதைத் தொடங்கியவர் யார்?

ஒரே பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாத கேள்வி இது. கேட்பவரைப் பொறுத்து மூன்று, நான்கு பெயர்கள் வரும். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் ஆள் பற்றாக்குறை. 1948 ஜூன் மாதம் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் கரீபியன் பயணிகளோடு டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு மேலும் பலர் வந்தார்கள். பஸ் ஓட்டவும் மருத்துவமனைகளில் பணிபுரியவும் அவர்கள் தேவைப்பட்டார்கள். ஆனால் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் கறுப்பர்களுக்கு இடமில்லை என்று ஜன்னலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். இன்று கோடீஸ்வரர்கள் வாழும் நாட்டிங் ஹில் அன்று இடிந்து விழும் நிலையில் இருந்த, நெரிசல் மிகுந்த ஏழைக் குடியிருப்பு. வேறெங்கும் வீடு கிடைக்காதவர்கள் அங்கே ஒண்டினார்கள்.

1958 ஆகஸ்ட் கடைசியில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் அந்தப் பகுதிக் கறுப்பர்களின் வீடுகளைத் தாக்கின. கலவரம் ஒரு வாரம் நீடித்தது. அடுத்த ஆண்டு மே மாதம், ஆன்டிகுவாவிலிருந்து வந்த கெல்சோ காக்ரேன் என்ற தச்சுத் தொழிலாளியை நடுத்தெருவில் குத்திக் கொன்றார்கள். அந்தக் கொலைக்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவே, 1959 ஜனவரி 30 அன்று, கிளாடியா ஜோன்ஸ் என்ற பெண்மணி செயின்ட் பங்கராஸ் டவுன் ஹாலில் ஒரு கரீபியன் கார்னிவலை நடத்தினார். கரீபியன் தீவான டிரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்து நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்தவர் அவர். கம்யூனிஸ்ட் என்பதற்காக அமெரிக்கா அவரைச் சிறையில் அடைத்து, 1955இல் நாடு கடத்தியது. லண்டனுக்கு வந்தவர், பிரிக்ஸ்டனில் ஓர் இசைத்தட்டுக் கடைக்கு மேலே இருந்த அறையில் 'வெஸ்ட் இண்டியன் கெசட்' பத்திரிகையைத் தொடங்கினார். அடி வாங்கிய சமூகம் தன் கலையோடு எழுந்து நிற்க வேண்டும் என்று நினைத்தார். நிகழ்ச்சி மலர் விற்ற பணத்தின் ஒரு பகுதி, கலவர வழக்குகளில் சிக்கியவர்களின் அபராதத்தைக் கட்ட ஒதுக்கப்பட்டது. கறுப்பு இளைஞர்களுக்கு மட்டுமல்லாமல் வெள்ளை இளைஞர்களுக்கும் அந்த உதவி உண்டு என்று மலரிலேயே அச்சிட்டிருந்தார்கள். அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் அவர் மீது மதிப்பு கூடுகிறது. 1964 டிசம்பரில், 49 வயதில் அவர் இறந்தார். ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் கார்ல் மார்க்ஸின் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

அவர் நடத்தியவை மண்டபத்துக்குள் நடந்த விழாக்கள். தெருவுக்கு வந்தது 1966இல். ரோன் லாஸ்லெட் என்ற சமூகப் பணியாளர் நாட்டிங் ஹில்லில் எல்லா இனக் குழந்தைகளுக்குமாக ஒரு தெருவிழா ஏற்பாடு செய்தார். டிரினிடாட்டைச் சேர்ந்த இசைக் கலைஞர் ரஸல் ஹெண்டர்சனையும் அவருடைய குழுவையும் வாசிக்க அழைத்திருந்தார். அவர்கள் ஸ்டீல்பானைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, திட்டம் எதுவும் இல்லாமல், வாசித்தபடியே தெருவில் நடக்கத் தொடங்கினார்கள். வீடுகளிலிருந்து மக்கள் இறங்கிப் பின்னாலேயே நடந்தார்கள். லண்டன் தெருவில் தங்கள் ஊர் ஒலியைக் கேட்டவர்களுக்கு அன்று என்ன தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் விழா சோர்ந்துபோனது. 1973இல் டிரினிடாட்டில் பிறந்த லெஸ்லி பால்மர் என்ற இளைஞர் பொறுப்பேற்று, வேடக் குழுக்களையும் ஸ்டீல்பான் குழுக்களையும் தேடித்தேடி அழைத்தார். பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி இசைத்தட்டு வாசிக்கும் ஜமைக்காக்காரர்களின் சவுண்ட் சிஸ்டங்களுக்கும் தெரு முனைகளில் இடம் கொடுத்தார். அதுவரை பெரும்பாலும் டிரினிடாட் மக்களின் விழாவாக இருந்தது, எல்லாத் தீவுக்காரர்களின் விழாவாக ஆனது அப்போதுதான். கூட்டம் பல மடங்கு பெருகியது. இன்று நாம் பார்க்கும் வடிவம் அவர் கொடுத்தது.

என்னைக் கேட்டால், கிளாடியா ஜோன்ஸ் காரணத்தைத் தந்தார், லாஸ்லெட் தெருவைத் தந்தார், ஹெண்டர்சன் நடையைத் தந்தார், பால்மர் உருவத்தைத் தந்தார் என்பேன். ஒருவரை உயர்த்த இன்னொருவரை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

டிரினிடாட்டில் இது எப்படித் தோன்றியது?

லண்டன் விழாவுக்கு முன்மாதிரி டிரினிடாட்டின் கார்னிவல். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே குடியேறிய பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குமுன் முகமூடி விருந்துகள் நடத்தினார்கள். அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க மக்களுக்கு அதில் இடமில்லை. 1838இல் முழு விடுதலை கிடைத்ததும் அவர்கள் தெருவைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். பழைய முதலாளிகளையும் அவர்களுடைய மனைவிமார்களையும் கேலி செய்யும் வேடங்கள் பிறந்தன. பஞ்சு வைத்துப் பின்புறத்தையும் மார்பையும் பெரிதாக்கி, கவுன் அணிந்து வரும் 'டேம் லொரேன்' வேடத்தை லண்டனிலும் பார்க்கலாம். அது ஒரு பிரெஞ்சுத் தோட்டக்காரரின் சீமாட்டி.

தீப்பந்தம் ஏந்தி மேளமடித்து வரும் ஊர்வலத்தை பிரிட்டிஷ் காலனி அரசு 1881இல் போலீசை வைத்துத் தடுக்கப் பார்த்தது. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பெரிய மோதல் வெடித்தது. அதற்குப் பின் தோல் மேளங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. மக்கள் மூங்கில் கழிகளைத் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். பிறகு பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, கடைசியில் எண்ணெய் பீப்பாய் வந்தது. பறிக்கப்பட்ட மேளத்துக்குப் பதிலாக அவர்கள் உண்டாக்கிய வாத்தியம்தான் இன்று டிரினிடாட் டொபாகோவின் தேசிய வாத்தியமான ஸ்டீல்பான்.

டிரினிடாட்டில் பிப்ரவரி, மார்ச்சில் நடப்பது லண்டனில் ஏன் ஆகஸ்டில்?

குளிர்தான் முதல் காரணம். கிளாடியா ஜோன்ஸ் ஜனவரியில் மண்டபத்துக்குள் நடத்தியதும் அதனால்தான். தெருவில் இறகும் மணியும் மட்டும் அணிந்து நாள் முழுவதும் ஆட வேண்டுமானால் லண்டனில் கோடைதான் ஒரே வழி. ஆகஸ்ட் கடைசியின் விடுமுறைத் திங்களும் வசதியாக அமைந்துவிட்டது. ஆகஸ்டிலும் மழை பெய்யும். பெய்தாலும் ஆட்டம் நிற்காது.

ஸ்டீல்பானை எப்படிச் செய்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சுமார் 200 லிட்டர் எண்ணெய் கொள்ளும் இரும்புப் பீப்பாயை எடுத்துக் கவிழ்த்து வைப்பார்கள். அடித்தட்டைக் கனமான சுத்தியலால் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி அடிப்பார்கள். தகடு மெல்ல உள்வாங்கிக் கிண்ணம் போலக் குழியும். ஓரிடத்தில் அதிகமாக அடித்தால் கிழிந்துவிடும், ஆகவே வேகம் காட்ட முடியாத வேலை. பிறகு அந்தக் குழிவில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு வட்டம் குறித்து, அதன் ஓரத்தை உளி போன்ற கருவியால் தட்டித் தட்டி வரம்பு கட்டுவார்கள். அடுத்து பீப்பாயின் பக்கவாட்டுச் சுவரை அறுப்பார்கள். உயர்ந்த ஸ்வரங்களுக்கான டெனர் பானுக்குக் குட்டையான சுவர் போதும். தாழ்ந்த ஸ்வரங்களுக்கான பாஸ் பானுக்கு முழுப் பீப்பாயும் அப்படியே வேண்டும். அதன் பிறகு நெருப்பில் காட்டி இரும்பைப் பதப்படுத்துவார்கள்.

கடைசியில் சுருதி சேர்ப்பவர் வருவார். சின்னச் சுத்தியலால் தகட்டின் அடியில் ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு, ரப்பர் முனைக் குச்சியால் வாசித்து ஒரு கேட்பு. ஒரு ஸ்வரத்தைச் சரிசெய்தால் பக்கத்து ஸ்வரம் கொஞ்சம் நகர்ந்துவிடும். மறுபடி அதற்குப் போக வேண்டும். நம் ஊரில் மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவர் கல்லையும் கட்டையையும் கொண்டு வளையத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதாக இராது.

டெனர் பானில் இரண்டரை ஸ்தாயிக்கு நெருங்கிய ஸ்வரங்கள் ஒரே கிண்ணத்தில் இருக்கும். பாஸில் ஒரு பீப்பாய்க்கு மூன்று, நான்கு ஸ்வரங்கள்தான். அதனால் ஒரே ஆளைச் சுற்றி ஆறு பீப்பாய்கள் நிற்கும். அவர் நடனமாடுவது போலத் திரும்பித் திரும்பி வாசிப்பார்.

சனிக்கிழமை மாலை பனோரமா, கென்சல் டவுனில் உள்ள எம்ஸ்லி ஹார்னிமன்ஸ் பிளெசன்ஸ் பூங்காவில் நடப்பது வழக்கம். ஒவ்வொரு குழுவிலும் பல பத்துப் பேர். பள்ளிச் சிறுமி, ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், அலுவலக ஊழியர் என்று எல்லாரும் தோளோடு தோள் நின்று, முன்னால் இசைக்குறிப்பு எதுவும் இல்லாமல், முழுக்க மனப்பாடமாக வாசிப்பார்கள். வாரக்கணக்கில் இரவுகளில் பயிற்சி செய்து, சுமார் பத்து நிமிடம் வாசிக்கும் ஒரே உருப்படிக்காக அத்தனை உழைப்பு. கார்னிவலைச் செய்திகளில் மட்டும் பார்த்து முகம் சுளிப்பவர்களை நான் முதலில் கூட்டிப்போவது இங்கேதான்.

'மாஸ்' என்கிறார்களே, அது என்ன?

வேடமணிந்து குழுவாக ஊர்வலத்தில் ஆடுவது. ஒவ்வொரு குழுவும் அந்த ஆண்டுக்கு ஒரு கருப்பொருள் எடுத்து, அதைப் பல பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறமும் உடையும் அமைக்கும். கம்பி, நுரைத்தாள், மணி, இறகு இவைதான் மூலப்பொருட்கள். சில பெரிய வேடங்களுக்குச் சக்கரம் பொருத்தி, ஒருவர் இடுப்பில் கட்டி இழுத்து வருவார். மரக்கால் கட்டி நடக்கும் 'மோக்கோ ஜம்பி' ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்த வேடம். குழந்தைகள் அண்ணாந்து பார்த்து வாய்பிளந்து நிற்பார்கள்.

வெளியாள் சேர முடியுமா என்றால், முடியும். பெரும்பாலான குழுக்கள் மாதங்களுக்கு முன்பே பதிவு தொடங்கும். முன்வரிசை உடை சில நூறு பவுண்டு ஆகும். சாதாரண டி-ஷர்ட் போட்டு ஆடும் குழுக்களுக்குச் செலவு மிகக் குறைவு. வேடம் செய்யும் கூடத்துக்குத் தன்னார்வலராகப் போனால் இன்னும் நல்லது. பாசிமணி ஒட்டக் கை கொடுப்பவரை யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

தெரு முனைகளில் அடுக்கி வைத்திருக்கும் அந்தப் பெரிய ஸ்பீக்கர்கள்?

அவைதான் சவுண்ட் சிஸ்டம். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1940களின் கடைசியிலும் 50களிலும், நடன விடுதிக்குள் போக வசதியில்லாதவர்கள் வெட்டவெளியில் பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி இசைத்தட்டு வாசித்தார்கள். லண்டனுக்கு வந்தபோது இங்கும் விடுதிகள் கறுப்பர்களை உள்ளே விடத் தயங்கின. அதே பழக்கம் வீடுகளிலும் நிலவறைகளிலும் தொடர்ந்தது.

கார்னிவலில் 30க்கும் மேற்பட்ட சவுண்ட் சிஸ்டங்கள் இருக்கும். ரெக்கே, டப், சோக்கா, ஹவுஸ், ஜங்கிள் என்று ஒவ்வொரு முனைக்கும் ஓர் இசை. ஸ்பீக்கர் பெட்டிகளைப் பல குழுவினர் தாங்களே மரம் அறுத்துச் செய்திருக்கிறார்கள். சதர்ன் ரோ பக்கம் 'அபா ஷாந்தி-ஐ' (Aba Shanti-I) என்ற சவுண்ட் சிஸ்டம் வாசிக்கும் டப் இசையின் முன்னால் நின்றபோது, என் சட்டைத் துணி மார்பில் படபடத்தது. கையில் இருந்த தண்ணீர் பாட்டிலில் வளையம் வளையமாக அலை எழுந்தது. ஒலியை உடம்பால் கேட்பது என்றால் அதுதான். காதடைப்பான் கட்டாயம் எடுத்துப் போங்கள். இசையின் மீதுள்ள மரியாதைக்கு அது குறைவாகாது, வாசிப்பவர்களே அணிகிறார்கள்.

மாலை 7 மணிக்கு எல்லா சவுண்ட் சிஸ்டமும் நின்றுவிடும். அதில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இதில் இந்தியர்களுக்கு, தமிழர்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. 1845இல் 'ஃபத்தெல் ரசாக்' கப்பல் முதல் இந்தியக் கூலித் தொழிலாளர்களை டிரினிடாட்டில் இறக்கியது. அந்த முறை 1917 வரை நீடித்தது. பெரும்பாலானோர் கல்கத்தா வழியாகப் போன வட இந்தியர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அவர்களில் தமிழர்களும் தெலுங்கர்களும் உண்டு. அங்கே அவர்களை 'மதராசி' என்றே அழைத்தார்கள். மொழி சில தலைமுறைகளில் கரைந்துவிட்டது.

இசையில் அந்தக் கலப்பு இன்னும் கேட்கிறது. 1970களின் தொடக்கத்தில் லார்ட் ஷார்ட்டி என்ற கலிப்சோ (டிரினிடாட்டின் பாட்டு மரபு) பாடகர், தன் அண்டை வீட்டு இந்தியர்களின் டோலக், 'தந்தால்' என்ற இரும்புக் கம்பி வாத்தியம் ஆகியவற்றின் தாளத்தைக் கலிப்சோவோடு சேர்த்துத்தான் சோக்கா இசையை உருவாக்கினார். கார்னிவல் லாரிகளில் அதிரும் சோக்காவில் நம் பக்கத்துத் தாளம் ஒன்று கேட்பது போலத் தோன்றினால் அது பிரமையல்ல. உணவிலும் ரொட்டி, கறி, பட்டாணி என்று எல்லாம் கலந்தே கிடக்கிறது.

அங்கே போவது ஆபத்தா?

நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. கத்திக்குத்துகள் நடந்திருக்கின்றன, உயிர்கள் போயிருக்கின்றன. 2024இல், குடும்ப நாளான ஞாயிற்றுக்கிழமையே, சின்ன மகளோடு வந்திருந்த ஓர் இளம் தாய் குத்தப்பட்டு, சில நாட்களில் இறந்தார். அந்தக் குடும்பத்தின் துயரத்தைச் சதவீதக் கணக்குச் சொல்லிச் சிறிதாக்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் சுமார் 7,000 போலீசார் பணியில் இருக்கிறார்கள், நுழையும் வழிகளில் ஆயுதச் சோதனையும் உண்டு.

அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்: வருகிற லட்சக்கணக்கானவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆடி, சாப்பிட்டு, பத்திரமாக வீடு திரும்புகிறார்கள். ஆனால் மறுநாள் செய்தியில் வருவது கைது எண்ணிக்கைதான். கறுப்பர்கள் கூடும் விழாவை முதலில் குற்றத்தின் கண்ணாடி வழியாகவே பார்க்கும் பழக்கம் இங்கே பழையது. 1968இல் டிரினிடாட்டைச் சேர்ந்த ஃபிராங்க் கிரிச்லோ, ஆல் செயின்ட்ஸ் ரோட்டில் 'மாங்குரோவ்' உணவகத்தைத் திறந்தார். போலீஸ் திரும்பத் திரும்பச் சோதனை போட்டது. அதை எதிர்த்து 1970இல் ஊர்வலம் போனவர்களில் ஒன்பது பேர் மீது வழக்குப் பாய்ந்தது. 55 நாள் விசாரணைக்குப் பிறகு, கலவரம் தூண்டினார்கள் என்ற முக்கியக் குற்றச்சாட்டிலிருந்து ஒன்பது பேரும் விடுவிக்கப்பட்டார்கள். போலீசார் தரப்பிலும் இன வெறுப்பு இருந்ததை நீதிபதியே வெளிப்படையாகச் சொன்ன வழக்கு அது. 1976 கார்னிவலில் சுமார் 3,000 போலீசாரைக் குவித்தபோது பெரும் கலவரம் மூண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட போலீசார் மருத்துவமனைக்குப் போனார்கள். தெருவில் கிடைத்த குப்பைத்தொட்டி மூடிகளைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அவர்கள் நின்ற படங்கள் அன்றைய பத்திரிகைகளில் வந்தன. இந்த வரலாறு தெரியாமல் இன்றைய வாதங்கள் புரியாது.

என் கணிப்பில் இப்போது கூடுதல் கவலைக்குரியது நெரிசல். குறுகலான குடியிருப்புத் தெருக்களில் அத்தனை பேர். 2025இல் நெரிசல் பாதுகாப்புக்காக லண்டன் மாநகர நிர்வாகமும் இரண்டு உள்ளாட்சி மன்றங்களும் சேர்ந்து சுமார் பத்து லட்சம் பவுண்டு கூடுதலாக ஒதுக்கின. நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு முனையில் நகர முடியாதபடி இறுகினால் முன்னால் தள்ளாதீர்கள், பக்கத்துத் தெருவுக்குள் விலகிவிடுங்கள். இருட்டும் முன் கிளம்புங்கள்.

இதை ஏன் ஒரு பூங்காவுக்கு மாற்றக் கூடாது? ஹைட் பார்க் பக்கத்தில்தானே இருக்கிறது?

பல முறை எழுந்த யோசனை. வேலி போட்டு, வாசல் வைத்து, எண்ணி உள்ளே விடலாம் என்பார்கள். பாதுகாப்பை நினைத்துச் சொல்பவர்களின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வேலிக்குள் போனால் அது கச்சேரியாகிவிடும். எந்தத் தெருவில் நடக்கவே பயந்தார்களோ அதே தெருவில் ஆடிக்கொண்டு போவதுதான் இந்த விழாவின் உயிர். கெல்சோ காக்ரேன் விழுந்த முனை ஊர்வலப் பாதையிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. வீட்டு விலை ஏறியதால் பழைய கரீபியன் குடும்பங்களில் பல அந்தப் பகுதியை விட்டே போய்விட்டன. ஆண்டுக்கு இரண்டு நாளாவது அவர்கள் தங்கள் தெருவுக்குத் திரும்பி வருகிறார்கள். அதையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

மூன்று மணிக்கு எல்லா இசையும் நிற்கிறதே, எதற்கு?

2017 ஜூன் 14 அன்று பக்கத்திலேயே உள்ள கிரென்ஃபெல் டவரில் பிடித்த தீயில் 72 பேர் இறந்தார்கள். இரண்டு நாளும் பிற்பகல் 3 மணிக்கு 72 விநாடி மௌனம். அந்த நேரத்தில் போன் பேசாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள், அப்படியே நில்லுங்கள்.

டிக்கெட் எவ்வளவு? எப்படிப் போவது?

தெருவிழாவுக்கு டிக்கெட் கிடையாது. ஊர்வலம் காலை 10 மணியளவில் தொடங்கும். காரில் போக நினைக்கவே வேண்டாம், தெருக்கள் எல்லாம் மூடியிருக்கும். லாட்புரோக் குரோவ் நிலையம் அந்த நாட்களில் மூடப்படும். நாட்டிங் ஹில் கேட், வெஸ்ட்போர்ன் பார்க் போன்றவற்றில் நேரக் கட்டுப்பாடு உண்டு. அது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் முந்தைய நாள் போக்குவரத்துத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். நான் பாடிங்டனில் இறங்கி நடப்பதையே விரும்புகிறேன். திரும்பும்போதும் அதே வழி.

கழிப்பறை?

தற்காலிகக் கழிப்பறைகள் இருக்கும், வரிசையும் நீளமாக இருக்கும். சில வீட்டுக்காரர்கள் வாசலில் அட்டை வைத்துக் காசு வாங்கிக்கொண்டு அனுமதிப்பார்கள். சில்லறை வைத்திருங்கள். அவசரம் வரும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே வரிசையில் நின்றுவிடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

தாராளமாக. 'டபுள்ஸ்' என்று கேளுங்கள். மஞ்சள் சேர்த்துப் பொரித்த இரண்டு மெல்லிய ரொட்டிகளுக்கு நடுவே கொண்டைக்கடலைக் கறி, மேலே புளிச் சட்னி, காரம். கறி கையில் ஒழுகாமல் சாப்பிடுவது சிரமம், காகிதக் கைக்குட்டை அவசியம். பருப்புப் பொடி அடைத்த 'தால்புரி' ரொட்டி, பொரித்த வாழைப்பழம், சுட்ட சோளம், ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி சமயத்தவரின் சைவச் சமையலான 'ஐட்டல்' ஆகியவையும் உண்டு. அரிசியும் பட்டாணியும் என்று விற்பது உண்மையில் ராஜ்மா சேர்த்துத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு. நம் நாக்குக்கு நன்றாக ஒத்துவரும். அசைவர்கள் பாதி அறுத்த எண்ணெய் பீப்பாயில் கரியடுப்பு மூட்டிச் சுடும் ஜெர்க் சிக்கனையும் ஆட்டுக்கறியையும் தவற விடக் கூடாது. ஸ்காட்ச் பானட் மிளகாய்ச் சாஸை மட்டும் முதலில் ஒரு துளி தொட்டுப் பாருங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

ஞாயிறு காலை கூட்டிப்போங்கள், பிற்பகல் 2, 3 மணிக்குள் திரும்பிவிடுங்கள். வேடமணிந்த சிறுவர் சிறுமியர் குழுக்களைப் பார்ப்பது உங்கள் பிள்ளைகளுக்கு மறக்காது. காதுக்கு நல்ல உறை போடுங்கள். தொலைபேசி எண்ணைக் கையில் எழுதிவிடுங்கள். கூட்டத்தில் போன் சிக்னல் விழாது, ஆகவே பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடத்தை முன்னதாகவே பேசி வையுங்கள். தள்ளுவண்டி வேண்டாம். ஞாயிறு விடியற்காலை 6 மணிக்கு 'ஜூவே' என்று ஒன்று நடக்கும், அதில் உடம்பெல்லாம் சாயமும் பொடியும் சாக்லேட்டும் பூசிக்கொண்டு ஆடுவார்கள். பழைய துணியோடு வருகிற பெரியவர்களுக்கு அது மிக நல்லது.

நாமும் ஆடலாமா? போட்டோ எடுக்கலாமா?

தெருவில் நின்று ஆடுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. வேடக் குழுவின் கயிற்றுக்குள் மட்டும் நுழையாதீர்கள். அவர்கள் பணம் கட்டி, உழைத்து, அந்த இடத்தைப் பெற்றிருக்கிறார்கள். இடுப்பை அசைத்து ஆடும் 'வைனிங்' அவர்களுடைய நடன மரபு. அந்த உடையில், அந்த ஆட்டத்தில் இருக்கும் பெண் உங்களை அழைத்ததாக எண்ணிவிடக் கூடாது. தொடாதீர்கள், கேட்காமல் நெருங்காதீர்கள். படம் எடுக்கும்முன் கண்ணால் ஒரு சம்மதம் கேளுங்கள். பெரும்பாலும் பெருமையாக நின்று கொடுப்பார்கள். நம் ஆண்கள் சிலர் ஓரமாக நின்று போனில் படம் பிடித்து, கேலியான வரிகளோடு அனுப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஒரே ஒரு வேளைதான் ஒதுக்க முடியும் என்றால்?

சனிக்கிழமை மாலை பனோரமா. மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப் போங்கள். அந்த நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு வேண்டுமா என்று அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூடுமானவரை பாஸ் பீப்பாய்கள் இருக்கும் பக்கமாக இடம் பிடியுங்கள்.